சுவாமி விபுலாநந்தர்

சுவாமி விபுலாநந்தர் (மார்ச் 27, 1892 – சூலை 19, 1947) கிழக்கிலங்கையில் பிறந்த துறவியும், கல்வியாளரும், தமிழறிஞரும், இசைத்தமிழ் ஆய்வாளரும் ஆவார். விபுலாநந்த அடிகள் எனவும் இவர் அழைக்கப்படுகின்றார். பழந்தமிழர் வாசித்த யாழ் பற்றிய ஆராய்ச்சி நூலாகிய யாழ் நூலின் ஆசிரியராகவே தமிழுலகம் இவரைப் பெரிதும் அறியும். எனினும் இவர் வாழ்நாளின் பெரும்பகுதி பாடசாலைகளிலேயே கழிந்தது. ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிய இவர், துறவு பூண்ட பின்னர் இலங்கையில் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் முகாமையாளராகப் பணியாற்றினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார்.

பின்னணி

இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீட்டருக்கும் மேலான நீளத்திற்கு நிலத்தினுள் நீண்டு கிடக்கின்றது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பகுதி எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கேயுள்ள வயல் நிலங்கள் படுவான்கரை என்றும் வழங்கப்படுகின்றன. மட்டக்களப்பு நகரின் பழைய பகுதி வாவியின் நடுவே அமைந்த புளியந்தீவு என்னும் சிறு தீவாகும். நெற்செய்கையும் மீன்பிடியும் இப்பகுதி மக்களின் முதன்மைத் தொழில்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தோணிப் பயணமே பல ஊர்களுக்கு வழியாக இருந்தது. கொழும்பிலிருந்து வரும் தொடருந்துப் பாதை 1928ஆம் ஆண்டிலேயே மட்டக்களப்பை அடைந்தது.

இப்பகுதியில் நவீனக் கல்வி கிறித்தவ மிஷன்களால் தொடங்கப்பட்டது. 1814ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் அங்கு பள்ளிகளை ஏற்படுத்தினார். 1873ஆம் ஆண்டில் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி நிறுவப்பட்டது. பிரித்தானியர் ஆட்சியில் பெரும்பாலான பாடசாலைகளை மிஷன்களும் பிற அமைப்புகளுமே நடத்தின. அரசாங்கம் அவற்றுக்கு உதவிநன்கொடை வழங்கியது. ஆங்கிலப் பாடசாலைகளில் கட்டணம் அறவிடப்பட்டது. சுயமொழிப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. ஆனால் அங்கு கற்றோருக்கு உயர்கல்விக்கும் உயர்ந்த அரச பணிகளுக்கும் வழி அரிதாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டு தொடங்கிய சைவப் பாடசாலை முயற்சி அங்கு வேரூன்றியிருந்தது. கிழக்கில் அத்தகைய அமைப்பு அதே அளவில் வளரவில்லை. இக்குறையை நிரப்பும் பணியே பிற்காலத்தில் விபுலாநந்தரின் பொறுப்பாயிற்று.

பிறப்பும் கல்வியும்

விபுலாநந்தர் மட்டக்களப்புக்குத் தெற்கே எழுவான்கரையில் உள்ள காரைதீவு என்னும் ஊரில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். இவ்வூர் அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தது. 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் உருவாக்கப்பட்டபோது அதனுள் அடங்கியது. பெற்றோர் இவருக்கு இட்ட பெயர் தம்பிப்பிள்ளை. பின்னர் மயில்வாகனன் என்ற பெயர் சூட்டப்பட்டது.

ஊரிலிருந்த குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் இவர் தொடக்கக் கல்வி பெற்றார். தமிழையும் ஆங்கிலத்தையும் தமக்கு முதலில் உணர்த்தியவர் இவ்வாசிரியரே எனப் பிற்காலத்தில் செய்யுள் ஒன்றில் நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார். புலோலி வைத்தியலிங்க தேசிகரிடம் தமிழும் வடமொழியும் கற்றார். பின்னர் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலும், புளியந்தீவில் உள்ள புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். கணிதத்தில் சிறந்து விளங்கிய இவர், 1908ஆம் ஆண்டில் தமது பதினாறாவது வயதில் கேம்பிரிட்ச் சீனியர் தேர்வில் தேறினார்.

ஆசிரியப் பணி

தேர்வில் தேறியபின் மயில்வாகனனார் தாம் கற்ற புனித மிக்கேல் கல்லூரியிலேயே ஆசிரியரானார். 1911ஆம் ஆண்டில் கொழும்பு ஆங்கில ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து, அடுத்த ஆண்டு பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளியேறினார். மீண்டும் புனித மிக்கேல் கல்லூரியில் சில காலம் கற்பித்தபின், கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1916ஆம் ஆண்டில் விஞ்ஞானத்தில் டிப்ளோமாத் தகுதி பெற்றார்.

அதே 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கம் நடத்திய பண்டிதத் தேர்விலும் இவர் தேறினார். அக்காலத்தில் ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்றோர் ஒரு சாராராகவும், மரபுவழித் தமிழ் கற்றோர் மற்றொரு சாராராகவும் பிரிந்திருந்தனர். இவ்விரு கல்வியையும் ஒருங்கே முறையாகப் பெற்றமை இவருடைய பிற்காலப் பணி அனைத்திற்கும் அடிப்படையாக அமைந்தது.

1917ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். அங்கு பணியாற்றிக்கொண்டே தனியாகப் பயின்று 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பொறுப்பேற்றார்.

யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த காலத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் தோற்றத்திலும் இவர் பங்குகொண்டார். 1921ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இச்சங்கம் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என்னும் படிநிலைகளில் தேர்வுகளை நடத்தியது. தமிழ் கற்பிக்க விரும்பிய ஆசிரியர்கள் கடல் கடந்து செல்லாமல் இலங்கையிலேயே உயர்ந்த தமிழ்த் தகுதியைப் பெற இத்தேர்வுகள் வழிசெய்தன.

துறவு

சென்னை இராமகிருஷ்ண மடத்தின் தலைவராக இருந்த சுவாமி சர்வானந்தர் 1917ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது மயில்வாகனனார் அவரைச் சந்தித்தார். இத்தொடர்பு இவரது வாழ்வின் திசையை மாற்றியது. 1922ஆம் ஆண்டில் அதிபர் பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூரிலுள்ள மடத்தில் சேர்ந்தார். அங்கு இவருக்குப் பிரபோத சைதன்யர் என்னும் பெயர் வழங்கப்பட்டது. மடம் வெளியிட்ட இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ் இதழுக்கும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கில இதழுக்கும் ஆசிரியராகப் பணியாற்றினார்.

1924ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையில் சுவாமி சிவானந்தர் இவருக்குத் துறவளித்து விபுலாநந்தர் என்ற பெயரைச் சூட்டினார். சிவானந்தர் இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடர்களுள் ஒருவர். மடத்தின் இரண்டாவது தலைவர். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் நாடகத்தமிழ் பற்றி விபுலாநந்தர் நிகழ்த்திய சொற்பொழிவு விரிவாக்கப்பட்டு, மதங்க சூளாமணி என்ற நூலாக 1926ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிலப்பதிகாரம் தரும் நாடகக் குறிப்புகளையும் சேக்சுபியரின் நாடகங்களையும் இந்நூல் ஆராய்கின்றது.

பாடசாலைகளின் முகாமை

1925ஆம் ஆண்டில் விபுலாநந்தர் இலங்கைக்குத் திரும்பி, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். முகாமையாளர் என்ற சொல் இங்கு வெறும் அலுவலகப் பதவியைக் குறிப்பதன்று. உதவிநன்கொடை முறையின்கீழ் பாடசாலைக்கான நிலத்தையும் கட்டடத்தையும் தளபாடங்களையும் முகாமையே தேடிக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களை நியமிப்பதும் மாணவர் வரவைப் பேணுவதும் கல்வித் திணைக்களத்தின் மேற்பார்வைக்கு விடை கூறுவதும் அதன் கடமைகள். ஊரவர்கள் ஆர்வத்துடன் தொடங்கிய சிறு பாடசாலைகள் பல இச்சுமையைத் தாங்க இயலாமல் தளர்ந்தன. அவற்றுட் சில மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டன.

திருகோணமலை

திருகோணமலையில் சைவப் பெருமக்கள் நடத்திவந்த பாடசாலைகள் 1925ஆம் ஆண்டில் மிஷனின் முகாமைக்குள் வந்தன. பின்னாளில் இராமகிருஷ்ண மிஷன் இந்துக் கல்லூரி எனப் பெயர் பெற்ற பாடசாலை இவற்றுள் முதன்மையானது. விபுலாநந்தர் இதன் முகாமையாளராக இருந்ததுடன் சில ஆண்டுகள் அதிபராகவும் கடமையாற்றினார்.

சிவானந்த வித்தியாலயம்

புளியந்தீவையும் அதற்குக் கிழக்கேயுள்ள கல்லடிப் பகுதியையும் இணைக்கும் பாலம் 1924ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதுவரை வாவியைத் தோணியிலேயே கடக்க வேண்டியிருந்தது. பாலம் திறக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1929ஆம் ஆண்டில், வாவிக்கும் கடலுக்கும் இடையே கல்லடி உப்போடையில் விபுலாநந்தர் புதிய ஆங்கிலப் பாடசாலை ஒன்றை நிறுவினார். தமக்குத் துறவளித்த ஆசிரியரின் நினைவாக அதற்குச் சிவானந்த வித்தியாலயம் எனப் பெயரிட்டார். விஞ்ஞானக் கல்வியுடன் தமிழும் சமயமும் இங்கு கற்பிக்கப்பட்டன.

வித்தியாலயத்துக்கு அருகில் ஆதரவற்ற சிறுவர்களுக்கும் வறிய மாணவர்களுக்குமான இல்லம் ஒன்றும் நடத்தப்பட்டது. தூரத்து ஊர்களிலிருந்து நாள்தோறும் வந்து படிக்க இயலாத பிள்ளைகளுக்கு இவ்வில்லமே கல்வியின் நுழைவாயிலாக இருந்தது. உணவும் உறையுளும் இல்லாத இடத்தில் கட்டணமற்ற வகுப்பு மட்டும் பயன்தராது என்பதை இம்முயற்சி உணர்ந்திருந்தது. மாணவர்களைச் சேர்ப்பதில் சாதி வேறுபாடு பாராட்டப்படவில்லை.

கிராமப் பாடசாலைகளும் பெண்கல்வியும்

நகரை ஒட்டிய ஆங்கிலப் பாடசாலையோடு மிஷனின் பணி நின்றுவிடவில்லை. காரைதீவு, கல்முனை, அக்கரைப்பற்று, மண்டூர் முதலிய ஊர்களில் தமிழ்ப் பாடசாலைகள் மிஷனின் பெயரால் நடைபெற்றன. இவற்றுள் மண்டூர் படுவான்கரையில் உள்ள பழைய முருகன் தலம். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் உள்ள வைத்தீசுவர வித்தியாலயமும் மிஷனைச் சேர்ந்ததாக இருந்தது.

பெண்பிள்ளைகளைப் பருவமடைந்தவுடன் பாடசாலையிலிருந்து நிறுத்திவிடும் வழக்கம் அக்காலக் கிராமங்களில் பரவலாக இருந்தது. பெண்களுக்கெனத் தனிப் பாடசாலை அமைவது பெற்றோரின் தயக்கத்தைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாக இருந்தது. காரைதீவில் சாரதா வித்தியாலயமும், புளியந்தீவில் ஆனைப்பந்திப் பெண்கள் பாடசாலையும் மிஷனின் பெண்கல்விப் பணிக்குச் சான்றாக உள்ளன. சாரதா என்பது இராமகிருஷ்ணரின் துணைவியாராகிய சாரதாதேவியின் பெயர்.

ஆசிரியர்கள்

கிராமப் பாடசாலை ஒன்றின் நிலை அங்குள்ள ஆசிரியரின் தரத்தையே சார்ந்திருந்தது. விபுலாநந்தர் தாமே பயிற்றப்பட்ட ஆசிரியர் ஆதலால் இப்பொருளில் கூடிய கவனம் செலுத்தினார். மட்டக்களப்பைச் சேர்ந்த இளம் தமிழறிஞர்களைக் கற்பித்தல் பணிக்கு அழைத்தார். மண்டூரில் பிறந்த புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை இவ்வாறு இவரது வேண்டுகோளை ஏற்று ஆசிரியரானவர்களுள் ஒருவர். பெரியதம்பிப்பிள்ளை பின்னர் கிழக்கிலங்கையின் முதன்மையான கவிஞராக அறியப்பட்டார். மிஷன் பாடசாலைகளில் படித்த மாணவர்கள் பலர் பிற்காலத்தில் ஆசிரியர்களாகத் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். காரைதீவில் ஒரு கிராம ஆசிரியரிடம் எழுத்தறிந்த விபுலாநந்தரின் வாழ்வு எவ்வாறு தொடங்கியதோ, அவ்வாறே மேலும் பலருக்குத் தொடக்கம் கிடைக்க இவ்வமைப்பு உதவியது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம்

தமிழ்நாட்டின் சிதம்பரத்தில் 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1931ஆம் ஆண்டில் விபுலாநந்தர் அதன் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். சுப்பிரமணிய பாரதியாரைப் பெருங்கவிஞராக ஏற்கக் கல்வியுலகம் தயங்கிய காலம் அது. விபுலாநந்தர் பாரதியாரின் பாடல்களைப் பல்கலைக்கழக மாணவர்களிடையே பரப்பினார்.

பல்கலைக்கழகம் அமைந்துள்ள திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. பேராசிரியராக இருந்தபோதும் விபுலாநந்தர் மாலை வேளைகளில் அங்கு சென்று சிறுவர்களுக்குக் கற்பித்தார். தீண்டாமை கடுமையாக நிலவிய அக்காலத்தில் இது பலரின் எதிர்ப்பையும் பெறக்கூடிய செயலாகும். 1933ஆம் ஆண்டில் பேராசிரியர் பதவியிலிருந்து விலகிய இவர், பின்னர் இலங்கைக்குத் திரும்பி மிஷன் பணியைத் தொடர்ந்தார்.

கலைச்சொல்லாக்கம்

விஞ்ஞானப் பாடங்களைத் தமிழில் கற்பிக்க முற்படும் ஆசிரியர் எதிர்கொண்ட முதல் தடை சொற்கள் இன்மையாகும். ஒரே கருத்துக்கு ஒவ்வொரு நூலாசிரியரும் ஒவ்வொரு சொல்லை வழங்கினர். இக்குறையை நீக்கச் சென்னையில் சொல்லாக்க முயற்சி தொடங்கியபோது விபுலாநந்தர் அதில் முன்னின்றார். 1936ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். கணிதம், பௌதிகம், வேதியியல் முதலிய பல துறைகளுக்கான சொற்கள் தொகுக்கப்பட்டு, 1938ஆம் ஆண்டில் கலைச்சொற்கள் என்னும் நூலாக வெளியிடப்பட்டன. தமிழ் வழியாக விஞ்ஞானம் கற்பித்தல் பின்னர் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் நடைமுறைக்கு வந்தபோது, இத்தகைய முயற்சிகள் முன்னோடிகளாக அமைந்தன.

மாயாவதியும் இலங்கைப் பல்கலைக்கழகமும்

1939ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலில் உள்ள மாயாவதி அத்துவைத ஆசிரமத்துக்குச் சென்ற விபுலாநந்தர், அங்கிருந்து வெளிவந்த பிரபுத்த பாரத என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராக 1941ஆம் ஆண்டு வரை பணியாற்றினார். யாழ் பற்றிய ஆய்வை அங்கும் தொடர்ந்தார். தம் நண்பர் கந்தசாமியின் மறைவை எண்ணிப் பாடிய கங்கையில் விடுத்த ஓலை இவருடைய கவிதைகளுள் பெயர் பெற்றது.

1942ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் விபுலாநந்தர் அதன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். இவர் அப்பதவியில் இருந்த காலத்தில், 1945ஆம் ஆண்டில், கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் செலுத்த இயலாத கிராமப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை செல்ல இத்திட்டம் வழிதிறந்தது.

யாழ் நூல்

சங்க இலக்கியங்களிலும் சிலப்பதிகாரத்திலும் பேசப்படும் யாழ் பல நூற்றாண்டுகளாக வழக்கொழிந்திருந்தது. அதன் வடிவும் நரம்புகளின் அமைப்பும் அதில் எழுந்த பண்களும் எவை என்பதில் தெளிவில்லை. விபுலாநந்தர் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் அடிப்படையாகக் கொண்டு, கணிதம், ஒலியியல் ஆகியவற்றின் துணையுடன் சுர இடைவெளிகளைக் கணக்கிட்டார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றை விளக்கினார். இவ்வாய்வு பாடசாலை, பல்கலைக்கழகப் பணிகளுக்கு இடையே ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் நீடித்தது.

யாழ் நூல் பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களைக் கொண்டது. தஞ்சை கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக, 1947ஆம் ஆண்டு சூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் இது அரங்கேற்றப்பட்டது. நூலின்படி செய்யப்பட்ட யாழ்களும் அவ்விழாவில் மீட்டிக் காட்டப்பட்டன. நோயுற்றிருந்த நிலையிலேயே விபுலாநந்தர் இவ்விழாவில் கலந்துகொண்டார்.

மறைவு

அரங்கேற்றம் முடிந்து இலங்கைக்குத் திரும்பிய விபுலாநந்தர், சில வாரங்களுக்குள் சூலை 19, 1947 அன்று கொழும்பில் காலமானார். அவரது உடல் மட்டக்களப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிவானந்த வித்தியாலய வளாகத்தில் சமாதி வைக்கப்பட்டது. மனிதரின் உள்ளமே இறைவனுக்கு உகந்த மலர் என்னும் கருத்தமைய அவர் இயற்றிய பாடல் சமாதியில் பொறிக்கப்பட்டுள்ளது.

பாடசாலைகளின் பிற்கால நிலை

1960, 1961ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசாங்கம் இயற்றிய சட்டங்களின்கீழ் உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசுடைமையாயின. இராமகிருஷ்ண மிஷன் நடத்திவந்த இருபதுக்கும் மேற்பட்ட பாடசாலைகளும் இவ்வாறு அரசின் பொறுப்புக்குச் சென்றன. முகாமை மாறினும் பல பாடசாலைகள் தம் பழைய பெயர்களைக் கைவிடவில்லை. கல்லடியில் உள்ள மாணவர் இல்லங்கள் மிஷனிடமே தொடர்ந்தன.

கல்லடியில் சுவாமி விபுலாநந்தரின் பெயரில் 1982ஆம் ஆண்டில் இசை நடனக் கல்லூரி தொடங்கப்பட்டது. இது பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டு, சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்தது. 1992ஆம் ஆண்டில் இவரது நூற்றாண்டு விழா கொண்டாடப்பட்டது.

ஆக்கங்கள்

* மதங்க சூளாமணி (1926) – நாடகத்தமிழ் ஆய்வு
* யாழ் நூல் (1947) – இசைத்தமிழ் ஆய்வு
* கங்கையில் விடுத்த ஓலை – கவிதை
* கர்மயோகம், ஞானயோகம், விவேகானந்த ஞானதீபம் – விவேகானந்தரின் ஆங்கில ஆக்கங்களின் தமிழாக்கங்கள்

இவை தவிர இலக்கியம், இசை, விஞ்ஞானம், கல்வி ஆகிய துறைகளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இவர் எழுதிய கட்டுரைகள் பல தொகுப்புகளாக வெளிவந்துள்ளன.